கொழுந்தோடு வாடிய கிட்டார்

கிட்டார் கம்பியைப் பத்தி என்னை யாராவது கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன். புதுக்கம்பியை நம்பாதீங்க. கட்டின புதுசுல அது பளபளன்னு கத்தும். கேக்கிறவங்க ஆகா ஓகோம்பாங்க. எங்க மலைப் பனி ரெண்டு மூணு ராத்திரி அதுமேல உக்கார்ந்து எந்திரிச்ச பிறகுதான் அதோட சொந்தக் குரல் வெளிய வரும். அந்தக் குரல்தான் நமக்கு வேணும். அது கொஞ்ச காலந்தான் நிக்கும். அப்புறம் துரு. சமவெளியில வருசம் முழுக்க உழைக்கிற கம்பி இங்க ஒரு மழைக்குத் தாங்காது.

தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுவாங்க. தடவாதீங்க. தூசி ஒட்டிக் கம்பி ஊமையாயிரும். பழைய பனியன் துணியில ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய், மேல இருந்து கீழ ஒரு இழுப்பு, போதும். மண்ணெண்ணெய்க்கு இப்ப எங்க போறதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கிடைச்ச காலத்துல ஒரு பாட்டில் மறைச்சு வச்சேன். அதுதான் ஓடிக்கிட்டிருக்கு.

தேயிலைக் கொழுந்து கிள்ளினவளுக்கு என்ன இம்புட்டுக் கிட்டார்ப் பேச்சுன்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். கீழ் கோத்தகிரிச் சரிவுல எங்க எஸ்டேட்டு மாரியம்மன் கோயில் பஜனையில கிட்டார் வாசிச்சது நான்தான். ஆர்மோனியம் வாசிச்ச பெரியவர் போன பிறகு சுருதிக்கு ஆளில்லாம நின்னாங்க. "அந்தச் சிலோன்காரப் புள்ளகிட்ட ஒரு பெட்டி இருக்கே, அதைக் கொண்டாரச் சொல்லுங்க"ன்னாங்க. அன்னிக்குப் போய் உக்கார்ந்தவதான். மூணாங்கிளாசோட என் படிப்பு நின்னுபோச்சு. இதை எழுதறதுக்கே எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கு. ஆனா என் விரல் ஒரு பாட்டைக்கூட மறந்ததில்லை.

கிட்டார் என் அண்ணனோடது. சிலோன்ல எங்க தோட்டத்து லயத்துல, அதான் வேலையாளுங்க வரிசை வீட்டுல, வாரக்கடைசியானா அண்ணன் வாசல்ல உக்கார்ந்து வாசிக்கும். நான் பக்கத்துல உக்கார்ந்து விரலைப் பாத்துக்கிட்டே இருப்பேன். கப்பலேறி வரும்போது அம்மா அதைத் தன் சேலையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு வந்தா. இந்த மலைக்கு வந்த ரெண்டாம் வருசம் அண்ணன் காய்ச்சல்ல போயிருச்சு. பெட்டி என் கைக்கு வந்துச்சு. யாரும் கொடுக்கலை. யாரும் வேணாங்கவும் இல்லை.

இப்ப ஊட்டி மார்க்கெட்டுப் பக்கம் போனா கடை வாசல்ல கருப்பும் நீலமுமா கிட்டார் தொங்குது, கறிக்கடையில கோழி தொங்குற மாதிரி. எடுத்துத் தட்டிப் பாத்தா அட்டைப்பெட்டிச் சத்தம். பெயின்ட்டு அம்புட்டுக் கனம். மரம் எப்படி மூச்சு விடும்?

தட்டி வாசிக்க ஒரு பிளாஸ்டிக் சில்லு விக்கிறான். எனக்கு அது வேண்டியிருந்ததில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கெட்டிச்ச நகத்துக்கு மேல ஒரு சில்லு கிடையாது. எஸ்டேட்டுல கத்திரி கொடுத்து வெட்டச் சொன்னாங்க பாருங்க, அன்னிலருந்து எல்லாப் பொம்பளைங்க நகமும் மெதுவாயிருச்சு. மத்தவங்க சந்தோசப்பட்டாங்க. நான் ஷாம்பூ டப்பாவை வெட்டிச் சில்லு செஞ்சுக்கிட்டேன். சுருதிக்கும் அதே கதைதான். ஃபேக்டரிச் சங்கு ஏறி ஒரு இடத்துல நிக்கும் இல்லையா, அந்த நிப்புலதான் என் மூணாவது கம்பியை முறுக்குவேன். இப்ப சங்கு ஊதறதில்லை. போன்ல மெசேஜ் வருது. என் மகன் அவன் போன்ல ஒரு முள்ளு காமிச்சான், பச்சை வெளிச்சம் வந்தா சுருதி சரியாம். பச்சை வந்துச்சு. பாட்டு வரலை.

ஒண்ணை மட்டும் ஒத்துக்கிறேன். சுருதியை ஏத்தக் கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்பு நல்ல சாமான். நான் அத்தனை வருசமும் பென்சிலை வச்சு ரப்பர் பேண்டு சுத்தினேன். அது பைத்தியக்காரத்தனம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு பெரிய தங்கும் விடுதிக்காரர் ஒருக்கா ஜீப் அனுப்பினார். வர்ற விருந்தாளிங்க நெருப்பு மூட்டி உக்கார்ந்திருப்பாங்க, நான் கூடையை முதுகுல மாட்டிக்கிட்டு வாசிக்கணுமாம். கூடையை மாட்டிக்கிட்டு யாராவது கிட்டார் வாசிப்பாங்களா? கொழுந்து கிள்ளும்போது கிட்டார் மாட்டுவேனா? வந்த ஜீப்புலயே திரும்பி வந்துட்டேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். சொல்ல வந்ததே அதுதான்.

அவர் ஆளுங்க கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறினவங்க. நான் லயம்னா அவர் ஊடும்பார். நான் தேத்தண்ணின்னா அவர் டீத்தண்ணிம்பார். சிலோன்காரியைக் கட்டறியேன்னு அவர் சொந்தத்துல கேட்டதுக்கு, "அவளக் கட்டலீன்னா அந்தப் பெட்டிச் சத்தத்துக்கு நான் யார் ஊட்டு வாசல்ல போய் நிக்கறது"ன்னு சொன்னவர். ஃபேக்டரியில ரோலர் மிசின் வேலை. பச்சைக் கொழுந்தை உருட்டி நசுக்குற மிசின் அது. அது போடுற சத்தத்துல மனுசன் வாழ்நாள் பூரா நின்னார். ரிடையர் ஆகும்போது அவருக்கு ஒரு சால்வை கொடுத்தாங்க. காதை மிசினே வச்சுக்கிச்சு.

இடது காதுல வாயை வச்சுக் கத்தினா பாதி விழும். அதனால எங்க வீட்டு ரகசியம் எல்லாம் லயத்துக்கே தெரியும். அவருக்கு மாத்திரை வயித்தைக் கலக்குதுன்னாலும் தெரியும், எனக்கு அவர்மேல கோபம்னாலும் தெரியும்.

காது மிசின் வாங்கினோம். நான் கிட்டாரைத் தொட்டா அது கீச்சுன்னு ஊளையிடும். கழட்டி வீசிட்டார். மகன் கோயமுத்தூர்லருந்து சின்னதா ஒரு ஆம்பிளிஃபயர் கொண்டாந்தான். அதுல ஒரே இரைச்சல், தேனீக் கூட்டை வாயில வச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி. பாதி நாள் கரண்டு வேற இருக்காது. கரண்டு பொறக்கிறது இதோ பக்கத்துல குந்தாவுல. எங்க லயத்துக்கு வர மட்டும் அதுக்கு வழி தெரியறதில்லை.

கடைசியில வழி கண்டுபிடிச்சது அவர்தான். ஒரு சாயங்காலம் நான் வாசிச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்துல வந்து உக்கார்ந்து கிட்டார் முதுகுல உள்ளங்கையை அழுத்தி வச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு முகம் மாறிச்சு.

"வருது அம்மிணி."

"என்னங்க வருது?"

"பாட்டு. கை வழியா வருது. இது அந்த ஆடி வெள்ளிப் பாட்டுதானே?"

அதே பாட்டுத்தான்.

அன்னிலருந்து சாயங்காலமானா அவர் கை, என் பெட்டி. வேற பேச்சு வேண்டியிருக்கலை எங்களுக்கு. தப்பா வாசிச்சா விரலால ஒரு தட்டுத் தட்டுவார். கல்யாணமான காலத்துலகூட அவர் என்னை அப்படிக் கவனிச்சதில்லை. வயசான பொம்பளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? இது ஒண்ணு இருந்தா மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும்னு இருந்தேன்.

போன ஐப்பசி மழை நிக்கவே இல்லை. சுவத்துல தண்ணி, துணியில பூஞ்சை. அப்பத்தான் அவர் முதல்ல சொன்னார், "பெட்டி மந்தமா இருக்கு அம்மிணி"ன்னு. எனக்கு அப்படித் தெரியலை. கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கும்னு விட்டுட்டேன். நாள் போகப் போக, "இன்னிக்கும் சரியா வரல"ன்னார். கையை மாத்தி மாத்தி வச்சார். முதுகுல, பக்கத்துல, கம்பிக்குக் கீழ. முகத்துல வெளிச்சமே இல்லை.

அந்தச் சமயம் எனக்குக் கண் ஆபரேசன். கோயமுத்தூர்ல மகன் வீட்டுல தங்கிப் பண்ணிக்கிட்டேன். கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, குனியாதே, கனம் தூக்காதேன்னு சொல்லி அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்தா கிட்டார் அதே ஆணியில தொங்குது, மேல ஒரு துண்டு போர்த்தியிருக்கு. மழைக்குப் போர்த்தியிருக்கார், பரவாயில்லை, மனுசனுக்கு அக்கறைதான்னு நினைச்சேன். சாயங்காலம் அவர் பக்கத்துல வந்து உக்காரலை. நான் கூப்பிட்டதுக்கு, "கண்ணு ஆறட்டும் அம்மிணி, அப்புறம் வாசிக்கலாம்"னுட்டு வெளிய போயிட்டார். வெளிய மழை.

கண்ணாடியைக் கழட்டலாம்னு சொன்ன நாள் துண்டை இழுத்தேன். புதுக்கண்ணுக்கு முதல்ல தெளிவாத் தெரிஞ்சது அந்த வெடிப்பு. முன்பலகையில மேல இருந்து கீழ வரைக்கும், பாறையில கீறல் ஓடுற மாதிரி. கம்பி பிடிச்சிருக்கிற கட்டை பேந்து தனியா வந்திருக்கு. அதை இழுத்து வச்சு டீத்தூள் மூட்டை தைக்கிற சணல் கயித்தால கட்டியிருக்கு.

இடது காதுல வாயை வச்சேன். "ஏனுங்க! என் பெட்டிக்கு என்னாச்சு?"

அவர் என்னைப் பாக்கலை. "ஈரம் ஏறிக் கெடந்துச்சு. சத்தமே கைக்கு வரல. வாட்டினா சரியாயிரும்னு நெனச்சேன்."

"வாட்டினாவா?"

"கொழுந்து வாட்டுற மாடியில வெச்சேன். நம்ம பழைய ஆளுங்கதான் இருக்கறாங்க, கேட்டதும் உட்டாங்க. ட்ரையர்ல வெக்கல. நான் என்ன கிறுக்கனா? வாட்டுற தொட்டியில, பச்சைக் கொழுந்துக்குப் பக்கத்துலதான். பாதியில ஒருக்கா திருப்பியும் போட்டேன்."

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கிள்ளின கொழுந்தை நேரா மிசின்ல போட முடியாது. மாடியில நீளத் தொட்டியில வலைமேல பரப்புவாங்க. அடியில இருந்து காத்து அடிக்கும். மழைக்காலம்னா காத்துல சூடு சேத்து விடுவாங்க. ராத்திரி பூரா அதுல கிடந்து கொழுந்து ஈரத்தைக் கக்கித் துவண்டு போகும். அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணு. நனைஞ்சது எதுவா இருந்தாலும் வாட்டு. பாதியில புரட்டு. கம்பியைத் தளத்தணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? கொழுந்துல கம்பி ஏது?

சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தா. "அக்கா! வாட்டினதோட விட்டாரா, சலிச்சு மூட்டையும் போட்டாரான்னு கேளுங்க!"

லயம் பூரா சிரிச்சது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அதான் கொடுமை. சிரிச்சுக்கிட்டே இருந்தவ எப்ப அழ ஆரம்பிச்சேன்னு தெரியலை. கண்ணுல தண்ணி விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

குன்னூர்ல இசைச் சாமான் கடைக்காரர் பெட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். உள்ள எதோ உருண்டுச்சு. "அம்மா, இதைச் சுவத்துல மாட்டி வைங்க, அழகா இருக்கும்"னார். எங்க வீட்டுச் சுவத்துல சாமி படத்துக்கே இடமில்லைன்னு சொல்லிட்டு வந்தேன். கோத்தகிரியில கட்டில் செய்யிற ஆசாரி மாட்டேன்னு சொல்லலை. வெடிப்புல பசை ஊத்தி, கட்டையை வச்சு ரெண்டு ஸ்க்ரூ முடுக்கினார்.

"யானை இழுத்தாலும் வராதுங்க."

"யானை இழுக்காது ஆசாரி. நான் வாசிக்கணும்."

"அதுவும் வாசிக்கலாங்க"ன்னார், பெரிய மனசோட.

ஸ்க்ரூ போட்ட கிட்டாரைப் பத்தி என் அபிப்பிராயம் என்னன்னா, அது கல்யாண வீட்டுல பல்லுக் கட்டின ஆள் சீட்டியடிக்கிற மாதிரி. அடிக்கும். ஆனா கேக்கிறவனுக்குச் சங்கடம். கம்பியை முழுசா முறுக்கப் பயந்து தளத்தியே கட்டினேன். தாழ்ந்த குரல், ஓரமா ஒரு கிறுகிறுப்பு. இருந்தாலும் சத்தம் இருந்துச்சு. என் மடியில அதிர்ந்துச்சு. என் நெஞ்சுக்கூட்டுல அதிர்ந்துச்சு.

அவர் கையை வச்சார். அந்த ஆடி வெள்ளிப் பாட்டையே வாசிச்சேன். முடிச்சும் கையை எடுக்கலை.

"வரல அம்மிணி. நான் கொன்னுட்டேன் உம் பெட்டியை."

மகன் விசயம் கேட்டுப் புதுசா ஒண்ணு கொண்டாந்தான். வயர் சொருகுற ஓட்டை உள்ளது, பளபளப்பு. அதுலயும் கையை வச்சுத் தலையை ஆட்டினார். கனத்த பெயின்ட்டு, எப்படி வரும்னு நானும் சொன்னேன். பலகைதான் காரணம்னு நான் சத்தியமா நம்பினேன்.

ஒரு காலையில அடுப்புலருந்து எடுத்த தேத்தண்ணியை சில்வர் டம்ளர்ல ஊத்தி முந்தானையால பிடிச்சுக் கொண்டுபோனேன். நான் கீழ வைக்கிறதுக்குள்ள அவர் வாங்கிட்டார், உள்ளங்கையால முழுசாச் சுத்தி. வச்சிருக்கார். பேசறார். மழை விடும்போல இருக்குங்கிறார். கை செவந்துபோச்சு.

"சுடலீங்களா?"ன்னு கத்தினேன்.

டம்ளரைப் பாத்தார். "ஆறினதைத்தானே கொடுத்தே?"

அவருக்குச் சக்கரை உண்டு. ஆஸ்பத்திரியில, பாதம் மரத்துப்போகும், செருப்பில்லாம நடக்காதீங்கன்னு சொல்லியிருந்தாங்க. பாதத்தைத்தான் சொன்னாங்க. கையைப் பத்தி யாரும் சொல்லலை.

அவரை இழுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவ மிக்சியில சட்னி அரைச்சுக்கிட்டிருந்தா. வீடே கடகடங்குது. மேசை ஆடுது. அவர் கையை எடுத்து மிக்சி மூடிமேல வச்சு அழுத்தினேன்.

மூடியைப் பாத்தார், என்னைப் பாத்தார். என்ன சோதனைன்னு புரியலை அவருக்கு.

"ஏன், கரண்டு போயிருச்சா?"ன்னார்.

பக்கத்து வீட்டுக்காரி எதுக்கும் வாய் மூடாதவ. மிக்சியை நிறுத்தினா. என்னைப் பாத்துட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, வழிச்ச சட்னியையே மறுபடி வழிச்சா.

பெட்டிக்கு ஒண்ணும் ஆகலை அப்ப. ஐப்பசியில மந்தமானது பெட்டியே இல்லை. கைதான். நல்லா இருந்த பெட்டியை, கையோட குத்தத்துக்காகத் தூக்கிக்கொண்டுபோய் வாட்டியிருக்கார். பெட்டியும் போச்சு. கையும் போச்சு. காது எப்பவோ போச்சு.

அண்ணன் விரலைப் பாத்து நான் கத்துக்கிட்டதெல்லாம் கடைசியில ஒரே ஒரு ஆள் கேக்கறதுக்குன்னு ஆயிருந்துச்சு. பஜனையில இப்ப பென் டிரைவ் சொருகிப் பாட்டு ஓடுது. அதுல எனக்கு வருத்தமில்லை, பென் டிரைவுக்கு முதுகு வலிக்காது. ஆனா இந்த ஒருத்தர். பெட்டியை அவர் நெஞ்சுல சாய்ச்சு வச்சும் வாசிச்சுப் பாத்தேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "கனமா இருக்கு அம்மிணி"ன்னார். தாடையில வச்சா ஸ்க்ரூ குத்துதுன்னார். அதுக்கு மேல மனுசன் உடம்புல வேற வாசல் எதுவும் எனக்குத் தெரியலை.

அவர்கிட்ட சொல்லணுமான்னு ரொம்ப யோசிச்சேன். சொல்லணும்னா கத்தணும். கத்தினா லயத்துக்கே விழும். அது கிடக்கட்டும். சொன்னா என்ன ஆகும்? இப்ப அவருக்கு ஒரு குத்தம் இருக்கு. தன் கையால பொண்டாட்டி பெட்டியைக் கெடுத்துட்டோம்னு ஒரு குத்தம். தலை குனியறார், கோயிலுக்குப் போய் ரெண்டு தோப்புக்கரணம் கூடப் போடறார். குத்தம்னா மனுசன் சுமந்துக்கிட்டு நடந்துருவான். அதுக்குள்ள ஒரு நப்பாசையும் இருக்கு, வேற ஆசாரி, வேற மரம், என்னிக்காவது நல்ல பெட்டி கிடைச்சா மறுபடி வரும்னு. கைதான் போச்சுன்னு சொல்லிட்டா குத்தம் தீந்துரும். கூடவே அந்த ஆசையும் தீந்துரும். அப்புறம் அந்த மனுசன் சாயங்காலத்துல எங்க போய் உக்காருவார்?

பக்கத்து வீட்டுக்காரியைத் தனியாக் கூப்பிட்டு, "வாயைத் திறந்தே, அப்புறம் இருக்கு உனக்கு"ன்னேன். "நான் என்னக்கா பேசப் போறேன்"னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

சாயங்காலமானா அவர் வந்து உக்கார்றார். கையை நீட்டறார். நான் ஸ்க்ரூ போட்ட பெட்டியை எடுத்துச் சுருதி பாக்கறேன். யாருக்காகச் சுருதின்னு கேக்காதீங்க. சுருதி சேராத கிட்டாரை நான் மடியில வைக்கிறதில்லை, அது என் மானம். பாட்டைத் தொடங்கறேன். அவர் உள்ளங்கை முதுகுல அழுந்தியிருக்கு. டம்ளர் சுட்ட இடத்துல தோல் உரிஞ்சு புதுத்தோல் வந்திருக்கு.

"இன்னிக்கும் மந்தமாத்தான் இருக்கு அம்மிணி"ங்கிறார்.

நான் வாசிக்கிறதை நிறுத்தாம அவர் இடது காதுல வாயை வைக்கிறேன். லயம் பூரா கேக்கட்டும்னே கத்துறேன்.

"பின்ன இருக்காதா? நல்லா இருந்த பெட்டியைக் கொண்டுபோய் வாட்டினது யாரு?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிறார். கையை மட்டும் எடுக்கிறதில்லை.